பின்லாந்து அழகியும் அமாவாசைத் தறியும்

அழகிப் போட்டிகளைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருப்பவர்களை எந்த அழகிப் போட்டிக்கும் கூப்பிடுவதில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தேடினாலும் அந்த விஷயத்தில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. (தேடியவர்களும் கிடையாது, அது வேறு.) எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை, பாவாடை தாவணி, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். இந்த லட்சணத்தில் உலக அழகிகளைப் பற்றிப் பேச எனக்குத்தான் உரிமை என்று மனசார நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த ஞானம் வந்த வழி இது. பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்கு இருந்தேன். வெளியூர் வாடிக்கையாளர்கள் புரட்டட்டும் என்று முதலாளி பம்பாய் ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கிப் போடுவார். அவர்கள் புடவையைப் புரட்டினார்கள்; பத்திரிகையை நான் புரட்டினேன். இரண்டு பத்திரிகைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு இந்திய அழகியைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு தேசத்துக்கு அனுப்பிவைத்த கதை, தேசிய உடை என்று கேட்டால் நம் பெண்கள் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு போய் நின்ற கதை, பட்டம் கிடைக்காத தேசத்துப் பெண்கள் பட்டம் வாங்கியவளைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி சிரித்த கதை, எல்லாம் எனக்கு மனப்பாடம். இதையெல்லாம் அம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னால், முழுசும் கேட்டுவிட்டு அரிசி களைந்தாயா என்பாள்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சின்ன காஞ்சிபுரம். அவருடைய அம்மா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, ஆகவே எனக்கு அத்தை. அவர்களும் தறிக்காரர்கள்தான். கூறைப்புடவைக்கு வேண்டிய பட்டையும் சரிகையையும் அத்தையே பொறுக்கி வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்து, "உன் கையால நெய்டா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரக்கு உடல், பச்சைக் கரை. பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு தறி, அதில் இருந்தது அந்த ஒரே ஒரு புடவை. இதை நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும். நான்தான் மறந்துபோனேன்.

ஒருநாள் மெட்ராசிலிருந்து முதலாளிக்கு டிரங்க் கால். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வந்த நம் நாட்டு அழகி, அங்கே சிநேகமான மூன்று தேசத்து அழகிகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவைச் சுற்றிக்காட்டுகிறாளாம். காஞ்சிபுரத்துக்கும் வருகிறாளாம். கோயில் பார்த்துவிட்டு, பட்டுப்புடவை நெய்வதைப் பார்த்து, தறி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பத்திரிகைக்காரர்களும் கூட வருவார்களாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இங்கிலீஷ் பேசுகிற ஒரே பிராணி நான் என்பதால் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்குத் தறி ஓடுமா என்று கேட்டார். ஓடும் சார், எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகலாம் சார் என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கடைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலண்டர் தொங்கின. ஒன்று டைப்ரைட்டர் கம்பெனிக்காரன் கொடுத்த ஆங்கிலக் காலண்டர். இன்னொன்று நாளைக்கொரு தாளாகக் கிழிக்கிற நம் ஊர்க் காலண்டர். பி.யூ.சி. படித்தவள் ராகுகாலம் போட்ட காலண்டரைப் பார்க்கலாமா? பார்க்கவில்லை.

முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதுதான் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் என்னையே பார்த்தார்.

"நாளைக்கி அமாவாசம்மா. எவன் தறியில குந்துவான்?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது. கடன்காரன் வாசலில் நின்றாலும் ஓடாது. தறியைத் துடைத்து, கற்பூரம் காட்டி, துணி போட்டு மூடிவிட்டு, காலையில் விரதம், மத்தியானம் வடை பாயசம், அதற்குப் பிறகு ஆண்கள் எல்லாம் கூட்டமாக மேட்னி ஷோ. இது தெரியாமல் வளர யாராலும் முடியாது. நான் அந்தத் தெருவிலேயே பிறந்து, மாதாமாதம் அந்தப் பாயசத்தைக் குடித்தே வளர்ந்தவள்.

பேசிப் பார்த்தேன். பம்பாய் என்றேன், பத்திரிகை என்றேன், தேசத்தின் மானம் என்றேன். தேசத்தின் மானத்தைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல் என்றார் அப்பா. காலையில் தெருவில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். எதிர்வீட்டு மாமா ஒருவர்தான் கொஞ்சம் இரக்கப்பட்டார். தறியில் உட்கார்ந்து போஸ் வேண்டுமானால் கொடுக்கிறேன், நூல் எறிகிற நாடாவை மட்டும் தொடமாட்டேன் என்றார். சரி, அதுவாவது ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கார் வருகிற நேரத்துக்குப் பார்த்தால் அவரும் என் அப்பாவோடு மேட்னிக்குப் போய்விட்டார்.

கார் இரண்டு, வேன் ஒன்று. பின்னாலேயே பாதி ஊர். இறங்கினார்கள் பாருங்கள், நான்கு பேரும் எங்கள் வீட்டு நிலைப்படியைவிட உயரம். அதில் பின்லாந்துக்காரி இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டாள், உள்ளே வரும்போது ஒன்று, நிமிர்ந்து பார்க்கும்போது ஒன்று. பிரேசில்காரிக்குச் செருப்பைக் கழற்றவே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஜப்பான்காரி மட்டும் வாசலிலேயே குனிந்து அம்மாவுக்கு வணக்கம் வைத்தாள். போட்டோக்காரர் பிடிவாதத்தில் எல்லாரும் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகத் தேசத்தின் பெயர் எழுதிய பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் காதில், பொம்பளைங்க எதுக்கும்மா பூணூல் போட்டிருக்காங்க என்று கேட்டாள். அம்மாவுக்கு வேறு கவலை. இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவார்கள் என்று என்னை மொழிபெயர்த்துக் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

வந்ததும் என் வரலாற்றுச் சொற்பொழிவை ஆரம்பித்தேன். அதற்காக மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். உங்கள் தேசத்திலிருந்து இதற்கு முன்னால் வந்தவர்கள் இன்னார், அவர்கள் போட்டது இந்த நிற உடை, நடுவர்கள் செய்தது அநியாயம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நம் நாட்டு அழகி, இவளைத்தான் நான் அதிகம் எதிர்பார்த்திருந்தேன், என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். நீயும் போட்டிக்கு வரலாமே என்று சொல்லப்போகிறாள் என்று சடையைச் சரிசெய்துகொண்டேன். அவள் தன் கைப்பையை என்னிடம் நீட்டிக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்றாள். பின்லாந்துக்காரி என் வரலாற்றை இடைமறித்து பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த ஏற்பாட்டை அவளுக்கு இங்கிலீஷில் விளக்க எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அம்மா ஒரு சொம்பைக் கையில் கொடுத்து வழிகாட்டினாள்.

அதற்குள் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. தறி ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார் ஒரு பத்திரிகைக்காரர். நெசவாளி எங்கே என்று கேட்டார் இன்னொருவர். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் என் வேலை போய்க்கொண்டிருந்தது. இத்தனை பேர் நடுவில், இத்தனை உயரம் நடுவில், என்னைக் கைப்பை மாட்டுகிற ஆணியாக ஆக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம் வேறு. கைப்பையை அம்மாவிடம் கொடுத்தேன், தறி மேலே இருந்த துணியை உருவினேன், நான்தான் நெசவாளி என்று சொல்லித் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தலையிலடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

எனக்கு நெசவு தெரியாமல் இல்லை, பாதி தெரியும். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நடுவில் இருப்பவர் உடலுக்கு ஒரு நாடா எறிய, பக்கத்தில் இருப்பவர் கரைக்கு இன்னொரு நாடா எறிந்து, இரண்டு நூலையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட வேண்டும். அந்தப் பக்கத்து வேலைதான் சின்ன வயசிலிருந்து என்னுடையது. கோக்காமல் விட்டால் உடல் தன்பாட்டுக்குப் போகும், கரை தன்பாட்டுக்குப் போகும், நடுவில் ஓட்டை விழும். இப்போது நான் நடுவில் உட்கார்ந்துவிட்டதால் பக்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பாத்ரூமிலிருந்து ரொம்ப உற்சாகமாகத் திரும்பிவந்த பின்லாந்துக்காரி, நான் வருகிறேன் என்றாள்.

அவளுடைய கால்களை மடக்கி அந்த இடத்தில் வைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. குனிந்தால் அந்தத் தேசப் பட்டை தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் விழுந்து விழுந்து தொல்லை கொடுத்தது. கழற்றினாள், எங்கே வைப்பது என்று பார்த்தாள், என் தலை வழியாக என் கழுத்தில் மாட்டிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா? அந்தப் பட்டைக்காகத்தானே இத்தனை வருஷம் ஓசிப் பத்திரிகை படித்தேன்.

ஒரு தடவை எப்படிக் கோப்பது என்று காட்டினேன். அவளும் ஒழுங்காகச் செய்தாள். அதற்குப் பிறகு போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அழகிகளுக்கு முதல் பாடம் கேமராவைப் பார்ப்பது. கையில் நாடா இருந்தாலும் பாம்பு இருந்தாலும் அவள் கண் கேமராவில்தான். அவளையாவது மன்னிக்கலாம், அது அவள் தொழில். நெசவாளி மகளான நானும், பட்டையைச் சரிசெய்துகொண்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி, பத்திரிகைகளில் பார்த்த மாதிரியே பல்லைக் காட்டிக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு எறிந்தது, கால் பாட்டுக்கு மிதித்தது. வேன் கிளம்பிப் போன பிறகுதான் தறியைப் பார்த்தேன். உடலுக்கும் கரைக்கும் நடுவில் என் நான்கு விரலும் தாராளமாகப் போய் வருகிற மாதிரி ஒரு வாய் திறந்திருந்தது.

என்ன செய்வேன்? துணியைப் போட்டு மூடினேன். அப்பா படம் பார்த்துவிட்டு நல்ல குஷியில் வந்து படுத்துவிட்டார். அம்மா அவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை அப்பா தறியில் உட்காரும் முன்னாலேயே பேப்பர் வந்துவிட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய படம். தறியில் நான், என் குறுக்கே பட்டை, பக்கத்தில் பின்லாந்துக்காரியின் முழங்கை மட்டும். கீழே, காஞ்சியில் ஆர்வத்துடன் பட்டு நெய்யும் பின்லாந்து அழகி என்று போட்டிருந்தது. எண்ணெய்ச் சடையும் தாவணியுமாக ஒரு பின்லாந்து அழகி. அந்தப் பத்திரிகை ஆபீசில் ஒரு ஆளுக்காவது கண் இருக்கக் கூடாதா? ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் பேப்பரை அப்பா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் அழகிப் போட்டிப் பட்டையோடு பேப்பரில் வந்தால் எந்தச் சம்பந்தி வீடு சும்மா இருக்கும்?

சும்மா இல்லை. அப்பா தறிக்குப் போவதற்குள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரிக்‌ஷாவில் அத்தை வந்து இறங்கினாள். கக்கத்தில் அந்தப் பேப்பர். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கவில்லை. அப்பா எழுந்து நின்றார். நான் பேப்பரைப் பார்த்ததிலிருந்து தயார் செய்து வைத்திருந்த விளக்கத்தைத் தட்டுத்தடுமாறி எடுத்து விட்டேன்: நான் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை, அது என் பட்டை இல்லை, கால்மணி நேரத்துக்குத்தான் மாட்டியிருந்தேன், நான் பின்லாந்து இல்லை.

அத்தை கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீ எந்தப் போட்டிக்காச்சும் போம்மா, அது உன் இஷ்டம். நேத்து எடுத்த படம்னு போட்டிருக்குது. நேத்து இன்னா நாளு?"

நான் அம்மாவின் பின்னால் நகர்ந்தேன்.

"அமாவாசையில தறியில குந்தினியா, இல்லியா?"

அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். மேட்னி பார்க்கப்போன மனுஷனுக்கு அதுவரை இது எதுவுமே தெரியாது. உண்மையாகவே அந்த நிமிஷம் செத்துப்போய்விடலாம் போல இருந்தது. அழகிப் பட்டைக்கு மன்னிப்புக் கேட்க இங்கிலீஷிலும் தமிழிலும் சொற்கள் வைத்திருந்தேன். அமாவாசைக்கு ஒரு சொல்கூட இல்லை.

அத்தை நேராகத் தறிக்குப் போய்த் துணியை எடுத்தாள். கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் உள்ளே போய்விட்டது. அதை வெளியே எடுக்காமலே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவசரமாக, ராத்திரி பகலாக உட்கார்ந்து பிரித்து மறுபடி நெய்துவிடுகிறேன் அக்கா, இந்தச் சம்பந்தத்தை மட்டும் விட்டுவிடாதே என்றார். அப்பா அப்படிக் கெஞ்சி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. என்னால் கேட்டேன்.

அத்தை விரலை வெளியே எடுத்தாள். பிரித்தால் சரிகை நைந்துபோகும், முகூர்த்தத்துக்கு நாளும் இல்லை, மிச்சத்தை இப்படியே நெய்து முடி என்றாள். போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"இவ போட்ட ஓட்டைய இவளே கட்டிக்கட்டும்."

கல்யாணம் நிற்காது என்பது அதற்கு அர்த்தம். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், கொஞ்சம் சந்தோஷத்தில், மிச்சம் அவமானத்தில். அப்பா அந்த வாயை ஊசிநூலால் தைத்து மூடினார். கட்டும்போது கொசுவத்துக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது என்றார். அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் என்னிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை, தள்ளு.

கொசுவத்துக்குள்தான் போனது. ஆனால் கொசுவத்தின் கீழ்க்கரை என்பது கால் கட்டைவிரலுக்கு நேராக வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. (அப்பா, அத்தை என்று இரண்டு தறிக்காரர்கள் பார்த்தும் யோசிக்கவில்லை. நான் ஒருத்திதான் மக்கு என்று இன்னும் சொல்கிறார்கள்.) தாலி கட்டியாயிற்று. விரலோடு விரல் கோத்துக்கொண்டு அக்கினியை வலம் வந்தோம். முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் தையல் விட்டது, என் கட்டைவிரல் ஓட்டைக்குள் போனது, அடுத்த காலை எடுத்து வைத்தேன். கரை என்னைப் பிடித்து இழுத்தது. நான் விழுந்தேன். விரலைக் கோத்திருந்த பாவத்துக்கு மாப்பிள்ளையும் என்மேல் விழுந்தார். நாதஸ்வரக்காரர் ஏதோ விசேஷம் என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார்.

மண்டபமே எழுந்து நின்றது. கீழே கிடந்தபடி மாப்பிள்ளை என் காலைப் பார்த்தார். கரைக்கு வெளியே என் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்திலிருந்து அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதுதான் முதல்முதலாகப் பேசினார்.

"இதான் பின்லாந்தா?"

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. மணவறையில் தரையில் கிடந்து சிரித்த மணப்பெண் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. அத்தை மட்டும் அசரவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்தபடியே கூட்டத்துக்கு அறிவித்தாள், அமாவாசையில் நெய்த புடவை, அப்படித்தான் தள்ளிவிடும் என்று. ஒருவரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அதிலிருந்து எது கிழிந்தாலும் பின்லாந்துதான். சட்டைப் பையில் பின்லாந்து, கொசுவலையில் இரண்டு பின்லாந்து. அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மருமகள்கள் எல்லாரும் ஒருமுறை அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அத்தை ஆரம்பித்துவைத்த இன்னொன்றுதான் என் உயிரை வாங்குகிறது. கல்யாணமாகி வந்த முதல் அமாவாசையன்று காலையில், நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், இன்னைக்கி எந்த ஊரு அழகி வராம்மா என்று கேட்டாள். அடுத்த அமாவாசைக்கும் கேட்டாள். கண் தெரியாமல் போய்ப் படுத்த படுக்கையான பிறகும், நாள் கணக்கை மட்டும் விடாமல், அமாவாசை காலையில் என் வளையல் சத்தம் கேட்டதும் கேட்பாள். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு, சரி, விட்டது சனி என்று நினைத்தேன். அடுத்த அமாவாசை காலையில் என் கணவர் தறிக்குத் துணி போட்டு மூடிவிட்டு வந்து, காபியை வாங்கிக்கொண்டு, அதே முகத்தோடு அதே கேள்வியைக் கேட்டார். மாதாமாதம் கேட்கிறார். இத்தனை வருஷமாக எனக்கு இன்னும் ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை.